நல்ல ஆண்டில் எழுதவேண்டிய வறட்சிக் கணக்கு

கூட்டுறவு இயக்கம் எப்போது பிறந்தது என்று பயிற்சி வகுப்புகளில் கேட்டால், அங்கத்தினர்கள் பெரும்பாலும் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிடுவார்கள். சட்டம் பிறந்த ஆண்டு அது. இயக்கமோ அதற்கு நெடுநாள் முன்னதாகவே பஞ்சத்தின் மடியில் பிறந்துவிட்டது. ஜெர்மனி நாட்டில் 1846-47 குளிர்காலத்தில் விளைவு பொய்த்து மக்கள் ரொட்டிக்கு அலைந்தார்கள். அப்போது வெயர்புஷ் என்னும் சிற்றூரின் தலைவராக இருந்த ரெய்ஃபைசன், வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் கடனாக வழங்கினார். அவர் பிற்காலத்தில் அமைத்த கிராம நாணயச் சங்கங்களுக்கு வித்து அந்த ரொட்டிக் கடன்தான்.

நம் நாட்டுக் கதையும் அதுவே. சென்னை ராஜதானியில் 1876 முதல் 1878 வரை நிலவிய கொடுமையைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். அதிலே உழவரோடு ஒருங்கே வீழ்ந்தவர் நெசவாளர். கஞ்சிக்கு வழியில்லாதவன் வேட்டி வாங்குவானா? பஞ்சம் ஓய்ந்தபின் அமைந்த கமிஷன் 1880-இல் அறிக்கை தந்தது. அதையொட்டிப் பஞ்ச நிவாரண விதிகள் வகுக்கப்பட்டன. நெசவாளரைக் கல்லுடைக்க அனுப்பாமல், அவர்தம் தறியிலேயே வேலை கொடுத்துக் காப்பதற்கும் அவ்விதிகளில் இடமிருந்தது. கல்லுடைத்துக் காய்ப்பேறிய கை மெல்லிய இழையைப் பிடிக்க உதவாது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். பின்னர் 1892-இல் சென்னை அரசினர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்து, ஐரோப்பிய நாணயச் சங்கங்களை ஆராயச் செய்தனர். 1895-லும் 1897-லும் அவர் அளித்த அறிக்கைகளின் வழியே 1904-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ்த் திரூர்ச் சங்கமும் தோன்றின.

இவ்வளவு பழங்கதை எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. வறட்சியை எதிர்கொள்வதற்கென்றே தோன்றிய நம் சங்கங்களின் பதிவேடுகளில் வறட்சிக்கு இன்று ஒரு பத்தியும் இல்லை. உரத்துக்குக் கணக்கு உண்டு, நூலுக்குக் கணக்கு உண்டு, சாக்குக்கும் கணக்கு உண்டு. பத்தாண்டுகளில் ஒருமுறையேனும் வந்தே தீரும் மழையற்ற ஆண்டுக்கு மட்டும் கணக்கு இல்லை. அது வந்த பின்பு மனு எழுதுகிறோம். போன பின்பு மறந்துவிடுகிறோம். நான் சங்கங்களை ஆய்வு செய்யும் உத்தியோகத்தில் இருப்பவன். குறையைப் பிறர் கணக்கில் காண்பதே என் தொழில். இக்கட்டுரையில் என் கணக்கிலுள்ள குறை ஒன்றையும் சேர்த்தே எழுத நேர்கிறது.

2016-ஆம் ஆண்டை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. மறு ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. வடகிழக்குப் பருவமழை நம் மாநிலத்துக்குச் சராசரியாகத் தரவேண்டியது ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். 2016-இல் கிடைத்ததோ 168 மில்லிமீட்டர் அளவே. அதாவது நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு குறைவு. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-க்குப் பின்னர் இவ்வளவு குறைந்த பருவமழையை நாடு கண்டதில்லை. அவ்வாண்டின் தென்மேற்குப் பருவமழையும் முன்னதாகவே குறைந்திருந்தது. 2017 ஜனவரி 10-ஆம் நாள், அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. நிலவரி தள்ளுபடி செய்யப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களின் குறுகியகாலப் பயிர்க்கடன்களை மத்தியகாலக் கடன்களாக மாற்றிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது.

அவ்வாண்டில் நான் உத்தியோகத்தில் புதியவன். எனக்குக் கிடைத்த சரகம் தேனி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அம்மாவட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நீர் இருப்போரும் இல்லாதோரும் ஒரே மாவட்டத்தில் அடுத்தடுத்து வாழ்வதை அங்கே காணலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வருகிறது. 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்று அங்கே சிறு பிள்ளையும் கணக்குச் சொல்லும். கிழக்கே ஆண்டிபட்டிப் பக்கமோ வானம் பார்த்த சீமை. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை கண்ணெதிரே இருந்தும், அதன் பாசனம் பெரும்பாலும் மதுரைப் பக்கத்துக் கீழ்நாட்டுக்கே உரியது. அணையின் மதகுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிணற்றை எட்டிப் பார்க்கும் விவசாயிகளை நான் அங்கேதான் கண்டேன். அதே பகுதியில்தான் சக்கம்பட்டியும் டி. சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர் பெற்று விளங்குகின்றன.

நெசவாளர்க்கு வறட்சியால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் தொடக்கத்தில் அப்படி நினைத்தவனே. மழைக்காலம் நெசவாளருக்கு இடைஞ்சலான காலம். குழித்தறியில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது. ஆகவே 2016 ஐப்பசியில் வானம் வெளுத்துக் கிடந்தபோது, ஒரு நெசவாளர் சங்கத்தில், ‘இந்த வருஷம் ஒரு நாளும் பாவு நிற்கவில்லை, ஐயா’ என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். தை பிறந்ததும் அந்த மகிழ்ச்சி ஓடிவிட்டது. பொங்கலுக்குச் சேலையும் வேட்டியும் வாங்கவேண்டிய விவசாயக் குடும்பங்கள் கடைப் பக்கமே வரவில்லை. நெய்த சரக்கு அலமாரியில் தங்கியது. அதற்குள் காற்றில் ஈரம் வற்றி, கஞ்சி போட்ட பாவு முறுகி, இழை அடிக்கடி அறுந்தது. ஒரு நாளில் முடியும் வேலைக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. சாயப்பட்டறைக்கு ஆழ்குழாயிலிருந்து வந்த நீரோ கடுத்திருந்தது. கடின நீரில் சாயம் சீராகப் பிடிப்பதில்லை என்பது தொழிலறிந்தோர் அனைவரும் அறிந்தது. ஆக, விவசாயியின் கிணறு வற்றிய மூன்றாம் மாதத்தில் நெசவாளியின் கூலியும் வற்றியது. இரு சாராரும் வெவ்வேறு சங்கங்களில் அங்கத்தினராயிருப்பினும் அவர்களுக்கு வாய்த்த வானம் ஒன்றே.

இனி என் குறைக்கு வருகிறேன். 2017-இன் கோடையில் அப்பகுதித் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை ஆய்வு செய்தேன். நகைக்கடன் வழக்கத்தைவிட மிக அதிகமாக வழங்கப்பட்டிருந்தது. நகைப் பொட்டலங்களை எடுத்து எடை பார்த்தேன், சரியாக இருந்தது. மதிப்பீட்டாளரின் குறிப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மனுக்களில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ‘விவசாயச் செலவு’ என்றே எழுதப்பட்டிருந்தது. மழையில்லாத கோடையில் என்ன விவசாயம், என்ன செலவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ‘கடன்கள் முறைப்படி வழங்கப்பட்டுள்ளன, குறை ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திரும்பினேன்.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பது பின்னரே தெரிந்தது. ஒரே ஓடையின் இரு கரையிலும் நிலமுள்ள அங்கத்தினர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆழ்குழாய்க் கிணறு போட்டிருந்தார்கள். முதல்வர் போட்ட குழாயில் நீர் வந்தது. பக்கத்து நிலத்தாரின் பழைய கேணி வற்றியது. அவர் தம் மனைவியின் நகையைச் சங்கத்தில் வைத்து இன்னும் ஆழமாகப் போட்டார். முதல்வரின் குழாயில் நீர் குறைந்தது. மூன்றாமவர் அவ்விருவரையும் விஞ்சினார். கடைசியாகப் போட்டவருக்குப் புழுதிதான் வந்தது. அவர் வீட்டு அம்மாளை மறு ஆய்வின்போது சங்க வாசலில் கண்டேன். அவருடைய சங்கிலி தவணை கடந்து ஏல அறிவிப்பில் இருந்தது. ‘குழாய் போடக் கேட்டபோது எல்லோரும் கொடுத்தீர்கள். தண்ணீர் இருக்குமா என்று யாராவது ஒருத்தர் கேட்டீர்களா, ஐயா?’ என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார். என்னிடம் விடை இல்லை.

இதன் உட்பொருளை அங்கத்தினர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டும். தேனிப் பக்கத்து நிலம் கடும்பாறை நிலம். மேலே சிதைந்த பாறையின் அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். அந்த வெடிப்புகள் வரப்பு பார்த்து ஓடுவதில்லை. எனவே ஆழ்குழாய் போடுகிறவர் புதிய நீரைக் கண்டுபிடிப்பதாக எண்ணினாலும், பெரும்பாலும் பக்கத்துக் கிணற்று நீரையே வேறு வாயால் உறிஞ்சுகிறார். சங்கத்தின் பணமோ அங்கத்தினர் அனைவரின் பணம். அந்தப் பொதுப்பணத்தைக் கொண்டு ஓர் அங்கத்தினரின் நீரை இன்னோர் அங்கத்தினர் எடுத்துக்கொள்ள நாம் கடன் கொடுத்தோம்; இறுதியில் இருவருடைய நகையையும் பூட்டி வைத்தோம். ஒவ்வொரு கடனும் தனித்தனியே முறையானது. ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஊரின் நீரையே நாம் ஏலத்தில் விட்டிருக்கிறோம்.

அதே 2017 ஏப்ரலில், வைகை அணையின் நீர் ஆவியாகாதிருக்க அதன்மேல் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைச் சிறிது நேரத்தில் கரையில் ஒதுக்கியது. நாடே நகைத்தது, நானும் நகைத்தேன். இன்று யோசித்தால், அந்த நகைப்பில் பெரும்பங்கு எனக்கும் நான் ஒப்பமிட்ட பதிவேட்டுக்கும் உரியது. நீர் வீணாவதைத் தடுக்கவேண்டும் என்ற எண்ணமாவது அதில் இருந்தது. எங்கள் நகைக்கடன் பதிவேட்டில் அந்த எண்ணமும் இல்லை.

கடன் தள்ளுபடிதான் இருக்கிறதே என்று சிலர் கூறலாம். 2016-இல் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. 2021-இல் 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. துன்புற்ற குடும்பங்களுக்கு அது பேருதவி. அதைக் குறைத்துப் பேசும் உரிமை எனக்கில்லை. ஆயினும் தள்ளுபடி பழைய கடனைத்தான் தீர்க்கும். வற்றிய கேணியில் ஒரு குடம் நீரை அதனால் ஊறவைக்க இயலாது. சங்கத்தில் கடன் வாங்காமல் வெளியே வட்டிக்கு வாங்கியவருக்கும், குத்தகைக்கு உழுதவருக்கும், பாவு அறுந்த நெசவாளிக்கும் அது எட்டுவதுமில்லை. மேலும், எந்த ஆண்டில் தள்ளுபடி வரும் என்று எண்ணிக் கணக்கு வைப்பவர், எந்த ஆண்டில் மழை பொய்க்கும் என்று எண்ணிக் கணக்கு வைக்க மறந்துவிடுகிறார்.

பயிர்க் காப்பீட்டின் நிலையும் சற்று ஏறத்தாழ இத்தகையதே. 2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிருக்கு விவசாயி செலுத்தும் பங்கு கரீப் பருவத்தில் நூற்றுக்கு இரண்டும், ராபி பருவத்தில் ஒன்றரையும் ஆகும். முன்பு கடன் வாங்கியவர் அனைவரும் கட்டாயம் சேரவேண்டும் என்றிருந்தது. 2020-இல் அது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆகவே முன்பு சட்டம் செய்த நினைவூட்டலை இனிச் சங்கம்தான் செய்யவேண்டும். கடைசித் தேதி போன பிறகு சங்க வாசலுக்கு ஓடிவரும் அங்கத்தினரைப் பார்த்து ‘தேதி முடிந்துவிட்டது’ என்று சொல்லிக் கையை விரிக்கும் செயலாளர், தம் கடமையில் பாதியைத்தான் செய்தவர்.

நீரைக் காக்கச் சட்டம் உண்டா என்றால், அதுவும் நம்மிடமே திரும்பி வருகிறது. 2003-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் செயலுக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. பட்டணங்களுக்காவது வேறு வழிகள் திறக்கின்றன. 2019-இல் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு ரயில் சென்றது. நம் கிராமங்களுக்கு அப்படி ஒரு ரயில் வராது. வருவதற்குத் தண்டவாளமும் இல்லை. நம் ஓடையை நாமே காக்கவேண்டும்.

ஓடையைக் காப்பது என்றால், அது பிறக்கும் மலையையும் காக்கவேண்டும். 2018 மார்ச் 11-ஆம் நாள் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயை அங்கத்தினர்கள் அறிவார்கள். மலையேறச் சென்றிருந்த 23 பேர் அதற்குப் பலியானார்கள். அந்தத் தீயை 2016 வறட்சியின் நேரடி விளைவு என்று நான் கூறமாட்டேன். இடையில் மழையும் பெய்திருந்தது. காட்டுத்தீயின் இயல்பு அதனினும் சிக்கலானது. வறண்ட ஆண்டில் மரங்கள் பட்டுப்போய் விறகாக நிற்கின்றன. அடுத்த மழையில் மலைப்புல் ஆள் உயரம் வளர்கிறது. தை, மாசியில் அப்புல் காய்ந்து, பங்குனிக் காற்றில் ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. வானத்திலிருந்து இடி விழுந்து தீப்பற்றுவது நம் பக்கத்தில் அரிது. பெரும்பாலான காட்டுத்தீ மனிதர் கையிலிருந்தே புறப்படுகிறது. அணைக்காத பீடி, சமைத்துவிட்டு மறந்த அடுப்பு, புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைக்கும் தீ, தோட்டத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் தீ என இவையே அதன் விதைகள்.

குரங்கணி மலைக்கும் சமவெளிச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர், கொட்டகுடி ஆற்றைப் பின்பற்றி நடந்து பார்க்கலாம். அம்மலைப் பகுதியில் பிறந்து, போடிக்குக் குடிநீராகி, வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பி, பின்னர் வைகைக்குப் போய்ச் சேருகிறது அந்த ஆறு. சரிவில் புல்லும் சருகும் இருக்கும்வரை மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கசிந்து ஓடையை உயிரோடு வைக்கும். தீயால் மொட்டையான சரிவில் அதே மழை ஒரு மணி நேரத்தில் வழிந்துவிடும். வழிகிற நீர் சாம்பலையும் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து கண்மாயை மேடாக்கும். மழைக்காலத்தில் வெள்ளம், அடுத்த மூன்றாம் மாதத்தில் வறட்சி என்ற நிலை அதன்பின்தான் ஏற்படுகிறது. மலையில் எரிந்த தீயின் வெப்பத்தைச் சமவெளி விவசாயி மறு வருஷக் கிணற்றில் உணர்கிறார். வானம் தராத வறட்சியையும் நாம் இவ்வாறு கையால் செய்துகொள்கிறோம்.

இவற்றையெல்லாம் கருதி, நம் சங்கங்களின் பேரவைகள் மூன்று தீர்மானங்களைச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றை மழை பெய்த ஆண்டில் செய்யவேண்டும். வறட்சி ஆண்டில் செய்ய இயலாது. தொண்டை வறண்டிருக்கும்போது ஒருவரும் விதி பேசமாட்டார்.

முதலாவது, கடன் மனுவில் நோக்கத்தை உண்மையாக எழுதுவது. நகைக்கடனாயினும், ஆழ்குழாய்க்கு என்றால் ஆழ்குழாய் என்றே எழுதப்படட்டும். அத்தகைய மனு வந்தால், அதே ஓடையில் ஏற்கனவே உள்ள கிணறுகளின் பட்டியலை நிர்வாகக் குழுவில் வாசிக்கட்டும். அக்கம்பக்கத்து அங்கத்தினரை அழைத்துக் கேட்கட்டும். மறுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அதே தொகையைச் சொட்டுநீர்க் குழாய்க்கும், பண்ணைக்குட்டைக்கும், கிணற்றுக்கு மழைநீரைத் திருப்பும் வாய்க்காலுக்கும் முதலில் வழங்குவோம். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனம் முழு மானியத்தில் கிடைக்க வழியிருந்தும், மனு எழுதத் தெரியாமல் விட்டவர்கள் பலர். அந்த மனுவை எழுதிக் கொடுப்பதும் சங்கத்தின் வேலையே.

இரண்டாவது, வறட்சி நிதி. நல்ல ஆண்டில் ஒவ்வோர் அங்கத்தினரின் வரவிலிருந்தும், சங்கத்தின் ஆதாயத்திலிருந்தும் ஒரு சிறு பங்கைத் தனியே ஒதுக்கி வைப்போம். எவ்வளவு என்பதைப் பேரவையே தீர்மானித்துத் துணைவிதியில் சேர்க்கட்டும். மழை பொய்த்த ஆண்டில் அந்நிதி மூன்று காரியங்களுக்கு மட்டும் பயன்படட்டும்: கால்நடைத் தீவனம், ஏலத்துக்கு வந்த சிறு நகைகளின் வட்டி, நெசவாளர் சங்கத்தில் தங்கிய துணி. மூன்றாவதைக் கேட்டு வேளாண் சங்கத்தார் வியக்கலாம். நெசவாளர் சங்கத்தின் சரக்கை வேளாண் சங்கத்தின் விற்பனைக் கடையில் வைத்து, அறுவடைத் தவணையில் அங்கத்தினர்க்கு விற்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. விவசாயிக்குப் பண்டிகைத் துணி கிடைக்கும், தறியும் ஓயாது. பதிலுக்கு நெசவாளர் சங்கமும் நல்ல ஆண்டில் அந்நிதிக்குத் தன் பங்கைச் செலுத்தட்டும். 1880-இல் பஞ்சக் கமிஷனுக்குத் தோன்றியது இன்று அங்கத்தினராகிய நமக்குத் தோன்றலாகாதா?

மூன்றாவது, உடலுழைப்பு. கண்மாய் மராமத்துக்கு ஊரார் கூடும் குடிமராமத்து வழக்கம் நம்முடையது. 2017-இல் அரசும் அதற்குப் புத்துயிர் தந்தது. அவ்வாண்டிலேயே கண்மாய் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் அனுமதி வந்தது. வண்டல் எடுத்த நிலம் உரம் பெறும்; எடுத்த கண்மாய் ஆழம் பெறும். மலையடிவாரச் சங்கங்கள் இதனோடு இன்னொரு கடமையும் ஏற்கட்டும். மாசி பிறக்கும் முன்னர் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு வெட்டும்போது அங்கத்தினர்கள் உடன் செல்லட்டும். மாசி முதல் வைகாசி வரை தோட்டத்துச் சருகைத் தனியாகக் கொளுத்துவதில்லை, கொளுத்தவே நேர்ந்தால் பக்கத்துத் தோட்டத்தாருக்குச் சொல்லி, நீர்க்குடமும் பச்சைத் தழையும் கையோடு வைத்து, காற்றடங்கிய மாலையில் செய்வது என்று மா, காபி, ஏலம், இலவம் பயிரிடுவோர் அனைவரும் பேரவையில் வாக்குக் கொடுக்கட்டும்.

இத்தீர்மானங்களுக்குத் தடை சொல்வோரும் இருப்பர். ‘என் நிலம், என் நகை, என் குழாய், கேட்கச் சங்கம் யார்?’ என்பது முதல் தடை. நிலம் அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடன் ஊராருடையது. வெடிப்பில் ஓடும் நீரும் ஊராருடையது. மற்றவர் சேமிப்பைக் கேட்டு வாங்குபவர், மற்றவர் கேள்வியையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். ‘இதனால் அங்கத்தினர்கள் வெளியே வட்டிக்குப் போய்விடுவார்கள்’ என்பது இரண்டாம் தடை. இதில் உண்மை உண்டு, சிலர் போவார்கள். ஆகவேதான் மறுப்பை மட்டும் கையில் வைத்துக்கொள்ளாமல், மாற்று வழிக்கான பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும் என்கிறேன். ‘நிர்வாகக் குழுவில் செல்வாக்குள்ளவர் குழாய் நிறைவேறும், ஏழையின் குழாய் நிற்கும்’ என்பது மூன்றாம் தடை. இதுவே என்னை மிகவும் அஞ்சவைக்கும் தடை. இதற்கு மருந்து ஒன்றே. கிணற்றுப் பட்டியலும் கடன் பட்டியலும் சங்க அறிவிப்புப் பலகையில் அனைவரும் காண ஒட்டப்படவேண்டும். ஒளிவில்லாத கணக்கின் முன் செல்வாக்குச் சற்றுத் தயங்கும். தயங்காவிட்டால், எங்களைப் போன்ற ஆய்வாளர்கள் இருப்பது அதற்காகத்தான்.

நான் அதன்பின் ஆய்வுக்குச் சென்ற சங்கங்களில் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறேன். பொட்டலத்தை எடை பார்த்து முடித்தபின், செயலாளரோடு ஓடைக்கரை வரை நடந்து செல்கிறேன். எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் நீர் என்று அங்கத்தினர்களைக் கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை. எந்த அதிகாரியும் அதைக் கேட்பதில்லை. ஆனாலும் மழை பெய்த ஆண்டில் எழுதி வைத்த அந்த எண்கள்தாம், மழை பொய்த்த ஆண்டில் ‘தண்ணீர் இருக்குமா?’ என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியவை. அந்த அம்மாளின் சங்கிலியை என்னால் மீட்டுத் தர இயலவில்லை. அவருடைய கேள்வியையாவது பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று விரும்புகிறேன்.

வரும் பேரவைக் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசித்து, ஆதாயப் பங்கு பேசி, சிற்றுண்டிக்கு எழுமுன், அங்கத்தினர் ஒருவராவது எழுந்து நின்று, ‘நம் ஓடைக்கரையில் எத்தனை கிணறு? அவற்றில் எத்தனையில் நீர்? மழை பொய்த்தால் நம்மிடம் கைப்பொருள் எவ்வளவு?’ என்று கேட்பாராக. அக்கேள்விக்குத் தலைவர் விடை தேடத் தொடங்கும் நாளில், வறட்சிக் கணக்கின் முதல் வரி எழுதப்பட்டதாகும்.